இரண்டு கதவும் ஒரு நாற்காலியும்

அன்புக்கும் மரியாதைக்கும், இந்த மாதம் மட்டும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உங்கள் தங்கை கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் இருக்கும்போது நான் சௌக்கியம் என்று எழுதினால், அதையே நீங்கள் எனக்கு எதிராகத் திருப்பிவிடக்கூடும். சௌக்கியமில்லை என்று எழுதினாலோ, "நல்லா வேணும்" என்பீர்கள். ஆகையால் சௌக்கிய விசாரணையை இந்தத் தடவை தள்ளிவைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம்தான். நான் "மச்சான்" என்றதுமே லைன் கட்டாகிவிடுகிறது. உங்கள் பக்கம் சிக்னல் சரியில்லை என்றே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். உங்கள் தங்கையைத் திருப்பி அனுப்பிவையுங்கள். அவள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். "வீட்டுக்காரர் எங்கேயோ கிடந்த ரெண்டு பழைய கதவை வாங்கிட்டு வந்து நடு ஹால்ல நிறுத்தி வச்சுக்கிட்டு, பொழுதன்னைக்கும் அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று சொல்லியிருப்பாள். மச்சான், முதலில் ஒரு திருத்தம். அவை கதவுகள் அல்ல, ஸ்பீக்கர்கள். எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி பெட்டி, கூம்பு, காந்தம் எதுவும் இதில் கிடையாது. ஆள் உயரத்துக்கு இரண்டு ஓட்டைத் தகடுகள், நடுவே வெங்காயத்தோலைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம், அவ்வளவுதான். அந்தப் படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிவிட்டால் அது தகடுகளுக்கு நடுவே அதிர்ந்து பாடுகிறது. உள்ளே ஒன்றுமே இல்லாததால் சத்தத்தில் கசடு இல்லை. பாடுகிறவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும் என்கிறார்கள். என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். டிக்கெட் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடியில் போட்ட ஓட்டை வழியாகவே காலமெல்லாம் மனிதக் குரலைக் கேட்டவன் நான். ரிட்டயர் ஆன பிறகாவது ஒரு குரலை முழுசாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பா?

இந்த ஜோடி பழைய சாமான் கடையில் கிடைத்தது. கிடைத்தது என்றால், கடைக்காரர் விற்பதற்காக வைத்திருக்கவில்லை. கடையின் பின்பக்கம் பாத்ரூமுக்கு மறைப்பாக நிறுத்தி, மேலே ஈரத்துண்டு காயப்போட்டிருந்தார். நான் ஓடிப்போய்த் துண்டை எடுத்துவிட்டுத் தகட்டைத் தடவிப் பார்த்ததைக் கண்டு அவர் மிரண்டுவிட்டார். "இது ஸ்பீக்கரா சார்? ரூம் ஹீட்டர்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன். குளிர்காலத்துல பக்கத்துல உக்காந்தா இதமாத்தான் சார் இருக்கும்" என்றார். ஒயரே சொருகாமல் எப்படி இதமாக இருந்தது என்று நான் கேட்கவில்லை. ஒரு லோடு வண்டியில் ஏற்றி, கயிறு கட்டி, உங்கள் தங்கை ஸ்கூலில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து இறக்கினேன். வண்டிக்காரர், "வீட்டுல ஏற்கெனவே கதவு இருக்கே சார்?" என்று கேட்டார். அதையே மாலையில் உங்கள் தங்கையும் கேட்டாள், ஆனால் சார் போடாமல்.

இதில் ஒரு சின்ன சங்கடம் உண்டு. இந்த ஸ்பீக்கருக்கு முன்பக்கம் எவ்வளவு சத்தம் வருகிறதோ அதே அளவு பின்பக்கமும் வரும். ஆகையால் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, ஹாலின் நடுவே நிறுத்த வேண்டும். சமையலறைக்குப் போவதென்றால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைய வேண்டும். நானும் அப்படித்தான் நுழைகிறேன், இதில் பாரபட்சமே இல்லை. இன்னொரு சங்கடம், பாட்டு சரியாகக் கேட்பது ஒரே ஓர் இடத்தில்தான். இரண்டு கதவுக்கும் (பாருங்கள், எனக்கே தொற்றிக்கொண்டது) நேர் நடுவே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் சொர்க்கம், தலையை ஒரு சாண் நகர்த்தினால் வெறும் ஹால். அந்த நாற்காலியின் நாலு காலையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். வீடு கூட்டும்போது உங்கள் தங்கை அந்த வட்டங்களைத் தினமும் அழித்தது பற்றி நான் இங்கே புகார் சொல்லப்போவதில்லை.

முதல் தடவை ஸ்விட்ச் போட்டபோது பாட்டு வரவில்லை. "டப்" என்று ஒரு சத்தம், பிறகு ஒரு கருகல் வாசனை, பிறகு உள்ளேயிருந்து ஒரு சிலந்தி கோபமாக இறங்கி வந்து பீரோவுக்கு அடியில் போயிற்று. உடனே என் நண்பர் "ஷாக்"கை வரவழைத்தேன். ரேடியோ ரிப்பேர் செய்து செய்து வாங்கிய ஷாக்கினாலேயே அந்தப் பெயர் வந்தது, அவரும் ஆட்சேபித்ததில்லை. அவர் தூரத்தில் நின்றபடியே பார்த்துவிட்டு, "படலம் தொங்கிப்போச்சு, தூசி அடைச்சுப்போச்சு. மனுஷனுக்கு வயசானா என்ன ஆகுமோ அதேதான். புதுப் படலம் மாத்தணும்" என்றார். ஒரு சுருளும் வாங்கி வந்தார். அந்தப் படலத்தைச் சுருளிலிருந்து பிரிக்கும்போதுதான் தெரிந்தது, அதற்கு மனிதர்கள் மேல் அளவுகடந்த பாசம். என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. பிரித்துவிட வந்த ஷாக்கின் கையில் ஒட்டியது. அவர் கையை உதற, என் முகத்தில் ஒட்டியது. உங்கள் தங்கை ஸ்கூல் விட்டு வந்து கதவைத் திறந்தபோது, நாங்கள் இருவரும் ஒரே படலத்துக்குள் கட்டிப்பிடித்தபடி, மூச்சு விடுவதற்காக மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஹால் நடுவே நின்றிருந்தோம். "காபி ரெண்டு டம்ளரா, ஒண்ணு போதுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

படலத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிக்க ஒரு வழி உண்டு. மேஜை மேல் சட்டம் வைத்து, சுற்றிலும் சைக்கிள் டியூப் கட்டி, படலத்தின் ஓரத்தை டியூபோடு ஒட்டிவிட்டுக் காற்றடித்தால், டியூப் உப்ப உப்பப் படலம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுபடும். நாங்கள் சாப்பாட்டு மேஜையில் செய்தோம். டியூப் அழகாக உப்பியது, படலம் கண்ணாடிபோல் விறைத்தது, விரலால் தட்டினால் தம்பூரா போல் ரீங்காரம். "இன்னும் ரெண்டே ரெண்டு அடி" என்று ஷாக் சொன்னார், நான் அடித்தேன், டியூப் வெடித்தது. கீழ் வீட்டு டெய்லர் அம்மா கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே மாடி ஏறி ஓடி வந்தார். யாருக்கும் அடியில்லை என்று தெரிந்ததும், ஒரு ஜாக்கெட்டின் கையை அந்தச் சத்தத்தில் கழுத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டதாக வருத்தத்துடன் சொன்னார். மறுபடி புதுப் படலம், புது டியூப். சின்னச் சுருக்கங்களைப் போக்க உங்கள் தங்கையின் ஹேர் டிரையரால் சூடு காட்டினோம். சுருக்கம் போயிற்று. டிரையரும் போயிற்று.

அடுத்தது பென்சில். படலத்தில் மின்சாரம் தங்க வேண்டுமானால் அதன்மேல் பென்சில் கரியைப் பொடி செய்து பஞ்சால் தேய்க்க வேண்டும். டிராயிங் டீச்சர் வீட்டில் பென்சிலுக்கா பஞ்சம்? பரீட்சைக்காக வாங்கி வைத்திருந்த பெட்டி முழுவதையும் பிளந்து, கரியை எடுத்து, நைஸாக வேண்டுமே என்று மிக்ஸியில் போட்டு அரைத்தேன். ஜாரைக் கழுவினேன் மச்சான், சத்தியமாகக் கழுவினேன். மறுநாள் அதில் அவள் அடித்த மாதுளம்பழ ஜூஸ் யானை நிறத்தில் வந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் காதோரத்தில் கரி இருந்தது.

இனி எழுதப்போவதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். தகட்டுக்கு மேலே போர்த்தியிருந்த பழைய துணி தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. புதுத் துணி வேண்டும், அதுவும் காற்றுப் போல மெல்லியதாக. கெட்டித்துணி போட்டால் குரல் ஜலதோஷம் பிடித்ததுபோல் ஆகிவிடும். பீரோவில் தேடினேன். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய வெள்ளைத்துணியில் சுற்றி, வாடாமல்லி நிறத்தில் ஒரு மெல்லிய புடவை கிடந்தது. அடியில் கிடப்பது வேண்டாதது என்று நான் நினைத்தேன். அடியில் வைப்பது பத்திரப்படுத்துவதற்கு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டெய்லர் அம்மாவிடம் கத்தரிக்கோலை இரவல் வாங்கி, இரண்டாக வெட்டி, இரண்டு ஸ்பீக்கருக்கும் கச்சிதமாகப் போர்த்திவிட்டேன். அளவெடுத்து நெய்தது போல் பொருந்தியது. ஆம் மச்சான். அது உங்கள் தங்கையின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த புடவைதான். கடிதத்தை இங்கே கீழே வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், நானும் குடித்துவிட்டு வருகிறேன்.

அவள் கத்தவில்லை. அதில்தான் நான் ஏமாந்துவிட்டேன். கத்தியிருந்தால் உஷாராகியிருப்பேன். அன்று மத்தியானம்தான் முதல் ஸ்பீக்கரில் முதன்முதலாகச் சுத்தமான சத்தம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னாள். நான் விரலை உயர்த்தி, "ஒரு நிமிஷம்" என்றேன். மறுபடி ஏதோ சொன்னாள். விரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தபோது ஆளைக் காணோம். மாலையில் ஹாலிலிருந்தே காபி கேட்டேன். பதில் இல்லை. சரி, புடவைக் கோபம் என்று முடிவுசெய்து நானும் வீறாப்பாகப் பேசாமல் இருந்தேன். யாருமே இல்லாத வீட்டில் ஒரு முழு மாலையும் நான் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன் மச்சான். காலையில் போனில் அவள் அனுப்பிய குரல் பதிவு வந்த பிறகுதான் அவள் உங்கள் வீட்டில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. அதையும் பாதியில் நிறுத்திவிட்டேன். மிச்சம் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்று ஒரு மிதப்பு.

மனிதன் தனியாக இருந்தால் வேலை வேகமாக நடக்கிறது. இரண்டாவது ஸ்பீக்கரின் துணியைக் கழற்றி, அதற்கும் படலம் மாற்றி முடித்தேன். சோதித்துப் பார்க்க ஒரு குரல் வேண்டுமென்றார் ஷாக். "உங்களுக்கு நல்லாப் பழகின குரலா இருக்கணும். அப்பத்தான் சரியா வருதா இல்லையான்னு தெரியும்." எனக்கு உலகத்திலேயே நன்றாகப் பழகிய குரல் ஒன்றுதான். அது என்னைத் திட்டுகிற குரல். போனிலிருந்த பதிவை ஸ்பீக்கரில் போட்டேன். மச்சான், அவள் வந்து நின்றாள். இரண்டு கதவுக்கும் நடுவே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவளேதான். "நீங்க என்ன மனுஷங்க? வீட்டுக்குள்ள ரெண்டு கதவை நிறுத்தி வச்சுக்கிட்டு, இருக்கிற கதவு வழியா பொண்டாட்டி வெளியில போறதுகூடத் தெரியாம உக்காந்திருக்கீங்களே! அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் விரலைத் தூக்குனீங்க!" நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். "தோ வர்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சமையலறைக்குள் போய் எட்டிக்கூடப் பார்த்தேன். ஷாக் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றார்.

இந்தத் தடவை பதிவை நிறுத்தவில்லை, கடைசிவரை கேட்டேன். திட்டி முடித்ததும் ஒரு சின்ன மௌனம் வருகிறது. போனில் கேட்டால் பதிவு அதோடு முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஸ்பீக்கரில் அந்த மௌனத்துக்குள் உங்கள் வீட்டு மின்விசிறி சுற்றுகிறது. நீங்கள் பின்னால் தள்ளி நின்று எதையோ மென்றுகொண்டே, "விடும்மா, அந்தக் கிறுக்கு மனுஷன் எங்க போயிடப்போறாரு" என்கிறீர்கள். (மிகத் தெளிவாகக் கேட்டது மச்சான். வறுத்த கடலை என்று நினைக்கிறேன்.) அதன் பிறகு அவள், பட்டனை அமுக்கியாகிவிட்டது என்ற நினைப்பில், வேறு யாரோ போலத் தணிந்த குரலில் சொல்கிறாள்: "சாப்பிட்டாரோ என்னவோண்ணே. ஃபிரிட்ஜ்ல எல்லாம் வச்சுட்டுத்தான் வந்தேன். திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாரு."

போய்த் திறந்து பார்த்தேன். நாலு டப்பா அடுக்கியிருந்தது. எல்லாம் கெட்டுப்போயிருந்தது. அத்தனை நாளும் நான் பன்னைத் தின்றுகொண்டு படலம் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்தபடியே நின்று அழுதேன் மச்சான், இதில் எனக்கு வெட்கமில்லை. காலமெல்லாம் ஓட்டை வழியாகவே கேட்டுப் பழகிய காது, வீட்டுக்குள்ளும் அப்படியே கேட்டிருக்கிறது. ஷாக் வந்து தோளில் கை வைத்து, "ஃபிரிட்ஜை மூடுங்க, கரண்ட் போகுது" என்றார்.

அந்தப் பதிவை அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஸ்பீக்கரின் பின்பக்கம் பால்கனி ஜன்னலைப் பார்த்தபடி இருப்பதும், முன்னால் எவ்வளவோ பின்னாலும் அவ்வளவு என்பதும் என் நினைவில் இல்லை. படியில் டெய்லர் அம்மா மடக்கிவிட்டார். "டீச்சர் வந்துட்டாங்களா சார்? குரல் கேட்டுச்சே. நேத்துலேர்ந்து அதே திட்டையே திருப்பித் திருப்பித் திட்றாங்க. நீங்க ஒரு பதிலாச்சும் சொல்லக் கூடாதா? பாவம், அவங்களுக்குத் தொண்டை என்னத்துக்கு ஆகும்?" என்றார். பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? "ஆமாம்மா, வந்துட்டா" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடி வந்துவிட்டேன்.

ஆகவே மச்சான், தீர்மானித்துவிட்டேன். இந்த ஸ்பீக்கர்கள் இனி இந்த வீட்டில் இருக்காது. தெருமுனை போட்டோ ஸ்டுடியோக்காரர், போட்டோவுக்குப் பின்னால் நிறுத்த அழகாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போகிறார். ஹால் பழையபடி ஹாலாகிவிடும். புது ஹேர் டிரையர், புது மிக்ஸி, பென்சில் எல்லாம் வாங்கியாகிவிட்டது. வாடாமல்லி நிறத்தில் அதே போல் ஒரு புடவைக்கும் சொல்லியிருக்கிறேன். இனி அவள் பேசும்போது என் விரல் தூங்கும். நீங்களே பக்கத்தில் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டி, அவளை பஸ் ஏற்றிவிட வேண்டும். அவள் திட்டினால் போதும், நேரில் வந்து திட்டினால் போதும்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோருக்கும் எல்லா நலமும் பெருகட்டும், உங்கள் கோபம் மட்டும் குறையட்டும்.

என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கிறுக்கு மனுஷன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டப்போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. உங்கள் தங்கைதான். உங்களிடம் பல் டாக்டரைப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியது பல்லுக்காக அல்ல. டெய்லர் அம்மா அவளுக்குப் போன் செய்து, "டீச்சர், சாரை இத்தோட விட்டுடுங்க, போதும்" என்றிருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியில், பாத்ரூமில், கதவுகளுக்குப் பின்னால் எல்லாம் பார்த்துவிட்டு, "யாரு அவ? என் வீட்டுக்குள்ள வந்து என் புருஷனைத் திட்றவ யாரு?" என்றாள். அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவைப் போட்டேன். கடைசி வரி வரும்போது தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு, "நடுவுல ஒரு இடத்துல மூச்சு வாங்கிட்டேன். எடுப்பா இல்ல. மறுபடி திட்றேன், பதிவு பண்ணுங்க" என்றாள். செய்தோம். இப்போது மிக நன்றாக வந்திருக்கிறது. ஸ்டுடியோக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். புடவையைப் பற்றி நீங்கள் வருந்த வேண்டாம். அந்தக் கலர் அவளுக்கு எப்போதுமே பிடிக்காதாம், அண்ணன் மனசு நோகுமே என்றுதான் அடியில் ஒளித்து வைத்திருந்தாளாம், ஸ்பீக்கருக்குத்தான் அது பொருத்தமாக இருக்கிறதாம். (இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள்.) சாக்பீஸ் வட்டத்தை அவளே பெயின்ட்டால் அழுத்தமாகப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அந்த நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை. இருப்பது ஒரே இடம், எனக்கு உட்கார வழியில்லை. ஆகவே சில நாள் உங்கள் வீட்டில் வந்து தங்கலாம் என்று முடிவுசெய்து, பையைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்று, "உங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றேன். கண்ணை மூடியபடியே விரலைத் தூக்கினாள். மறுபடி சொன்னேன். விரலை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டு, "ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.